சூரியோதயத்தைப் படம் பிடிக்கலாம், வாங்க!

கன்னியாகுமரிக்குப் போய் வந்த குடும்பங்களில் ஒரு சூரியோதயப் படமாவது இருக்கும். எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்! ஒன்று, வானம் வெளுத்துப் போயிருக்கும். அல்லது வானம் சரியாக வந்து, கடலும் பாறையும் கரிக்கட்டையாக இருக்கும். "நேர்ல எவ்வளவு அழகா இருந்தது தெரியுமா!" என்று கூடவே ஒரு பெருமூச்சும் வரும்.

நான் நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். முக்கடலும் பக்கத்தில்தான். மாதத்தில் இரண்டு மூன்று நாள், பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, இருட்டோடு காமிராவைத் தூக்கிக் கொண்டு கிளம்பி விடுவேன். அக்கம்பக்கத்துச் சகோதரிகள் கேட்கும்போது சொல்வதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

எப்போது போவது?

குமரியில் சூரியன் ஜூனில் சுமார் 6 மணிக்கும், ஜனவரியில் சுமார் 6.40-க்கும் உதிக்கிறான். ஜூனில் வடகிழக்கே ஒதுங்குவான். டிசம்பர், ஜனவரியில் தென்கிழக்கே நகர்ந்து விடுவான். ஆகவே விவேகானந்தர் பாறையும், 133 அடி வள்ளுவர் சிலையும் படத்தில் எந்தப் பக்கம் விழும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். முதல் நாள் மாலையே இடம் பார்த்து வைப்பது உத்தமம்.

முக்கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள். சூரியன் தலைகாட்டி, முழு வட்டமாக வெளியே வர இரண்டு நிமிஷம்தான் ஆகும். அதற்கு முன் வானம் காட்டும் ஊதாவும் ரோஜா நிறமும்தான் எனக்கு அதிகப் பிரியம்.

கறுப்புக் கண்ணாடி ரகசியம்

நம் கண் வெளிச்சத்தையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக் கொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. வானத்துக்கு அளவு வைத்தால் கடல் இருண்டுவிடும். கடலுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும்.

இதற்கென்றே 'கிராஜுவேட்டட் ஃபில்டர்' என்று ஒன்று உண்டு. மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி தெளிவு. காமிராவுக்கு மேல் பாதியில் மட்டும் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி! 2 ஸ்டாப் என்றால் வானத்து வெளிச்சம் கால் பங்காகும். 3 ஸ்டாப் என்றால் அரைக்கால் பங்கு. கறுப்பு சட்டென்று முடியும் ரகம் வெறும் கடலுக்குச் சரி. பாறையும் சிலையும் இருக்கும் இடத்தில், கறுப்பு மெல்ல மெல்லக் கரையும் ரகம்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வள்ளுவர் தலைமட்டும் இருட்டாகிவிடும்!

'போலரைஸர்' என்பதைச் சூரியனுக்கு நேரே பயன்படுத்திப் பிரயோஜனம் அதிகமில்லை. சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் அது வானத்தின் நீலத்தைக் கூட்டும். லென்ஸைக் காக்க மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டரையும் அப்போது கழற்றி விடுங்கள். அதில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, படத்தில் பேய் மாதிரிப் புள்ளிகள் விழும்.

செல்போன்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். திரையில் பிரகாசமான வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். பாதி சரியாகிவிடும்.

கண் பத்திரம்!

இதை மட்டும் மறக்காதீர்கள். காமிரா ஃபில்டர் காமிராவுக்குத்தான். உங்கள் கண்ணுக்கு அது கவசம் அல்ல. பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்குவோமே, அதே வேலையைத் தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும் லென்ஸும் செய்யும். அதன் வழியாகச் சூரியனைக் கண் வைத்துப் பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சுட்டது அப்போது தெரியாது. பிறகு பார்வையின் நட்டநடுவே ஒரு மங்கல் நின்றுவிடலாம். பழைய எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாஸும் காப்பாற்றாது. காமிராவின் பின்புறத் திரையைப் பார்த்தே எடுங்கள். குழந்தைகள் கையில் காமிராவைக் கொடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்.

வீட்டுக்கு வந்தபின்...

காமிராவில் 'ஆட்டோ' வைத்தால் அது சூரியோதயத்தின் செம்மையைக் குறையென்று நினைத்துக் கழுவிவிடும். 'டேலைட்' என்று வையுங்கள். ஃபில்டர் வாங்க வசதி இல்லாதவர்கள், காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று முறை எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றாக இணைக்கலாம்.

திருத்தும்போது முதலில் கடல் கோட்டை நேராக்குங்கள். பிறகு 'ஹைலைட்ஸ்' குறைத்து, 'ஷாடோஸ்' சற்றுக் கூட்டுங்கள். நிறம் கடைசியில்தான், அதுவும் உப்புப் போடுவது போல, கொஞ்சமாக.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு நீதிபதி உண்டு: என் அத்தை. கண்புரை முற்றியிருந்த நாளில் நான் எந்தப் படத்தைக் காட்டினாலும், "எல்லாம் மஞ்சளாத்தான் இருக்கு" என்பார். புரையே ஒரு மஞ்சள் ஃபில்டர்தானே! அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வெகுநேரம் பேசாமல் நின்றார். "இந்த நீலத்தை நான் பார்த்து எத்தனை வருஷமாச்சு, தெரியுமா?" என்றார்.

அன்று எடுத்த படத்தை என் மகன் வாங்கி, நிறத்தை ஏற்று ஏற்றென்று ஏற்றி, இல்லாத மேகத்தையும் ஒட்டி, "ஆச்சி, எப்படி?" என்று நீட்டினான்.

"என்ன மக்ளே இது, குங்குமத்தக் கொட்டுனாப்புல? நான் பார்த்த கடலைக் காட்டு!"

அவன் நான் திருத்திய படத்தைக் காட்டினான். "இதுதான்" என்றார். அந்தப் படம்தான் இப்போது அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு சின்னக் குறிப்பு. கடற்காற்றில் உப்பும் மணலும் லென்ஸில் படியும். அதை முந்தானையால் துடைத்து விடாதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் ஊதுகிற ரப்பர் பந்தால் தூசியைப் போக்கி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். மறுநாள் விடிகாலைக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்!