வாய் நாற்றத்தை மறைத்த போத்தல்

வியாபாரி என்பவன் முகத்துக்கு முகம் நின்று பேசிப் பிழைப்பவன். தராசு சரியாக இருக்கும், சரக்கும் தரமாக இருக்கும். ஆனால் முதலாளி வாயைத் திறந்ததும் வாடிக்கையாளர் ஓரடி பின்வாங்கினால், மறுமுறை அவர் பக்கத்துக் கடைக்குத்தான் போவார். காரணத்தை மட்டும் சொல்லமாட்டார். நமது வாய் நாற்றம் நமக்கே தெரிவதில்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு நான் யாழ்ப்பாணத்துக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினேன். அப்போதிருந்து பழக்கமானவர் சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர். தங்கமான மனிதர், கடன் சொன்னால் சொன்ன நாளில் தருவார். ஒரே குறை, விடிந்ததிலிருந்து இரவு வரை வாயில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அந்த வாடையைப் போக்க கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் 'மவுத் வொஷ்' போத்தல் வைத்திருப்பார். கொழும்பு புறக்கோட்டையில் மொத்த விலைக்கு வாங்கி, டசின் கணக்கில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

அண்மையில் அவரைத் தெல்லிப்பழை வைத்தியசாலையில் பார்த்தேன். அங்குள்ள புற்றுநோய்ப் பிரிவு, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் கட்டப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் காசு கொடுத்தார்கள். அவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். பேச்சு தெளிவில்லை, மனைவிதான் சொன்னார்: "புண்ணுக்கும் அதுதான் மருந்தெண்டு நினைச்சு ஒரு வருசமாக் கொப்பளிச்சவர், நானா. எங்களுக்கும் காட்டேல்லை."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அந்தப் போத்தல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நான் விற்கும் முன் விசாரித்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு வாய் நாற்றம் வயிற்றிலிருந்து வருவதில்லை, வாயிலிருந்தே வருகிறது. நாக்கின் பின்பகுதியிலும் முரசு இடுக்குகளிலும் காற்றுப்படாமல் வாழும் பக்டீரியாக்கள் உணவுத் துணிக்கைகளைச் சிதைத்து, கந்தகம் கலந்த வாயுக்களை வெளிவிடுகின்றன. கூழ்முட்டை நாற்றமும் இதே வகைதான். எச்சில் வற்றினால் நாற்றம் கூடும். காலையிலும், நோன்பு நாட்களின் பின்னேரத்திலும் இதை நாமே அறிவோம்.

குளோரெக்சிடின், செட்டில்பிரிடினியம் சேர்ந்தவை அந்தப் பக்டீரியாக்களைக் குறைக்கும். துத்தநாகம் சேர்ந்தவை வாயுவை அடக்கும். வெறும் வாசனை மட்டும் சேர்ந்தவை சிறிது நேரத்துக்குத்தான். குளோரெக்சிடினை வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் பாவிக்கக் கூடாது. பல்லில் மண்ணிறக் கறை பிடிக்கும், நாக்கில் ருசியும் மாறும். பல் துலக்கிய கையோடு கொப்பளிப்பதும் பிழை, பற்பசையிலுள்ள புளோரைட்டைக் கழுவிவிடும். நம்மவர்கள் லேபலையும் வாசிக்க வேண்டும். பழைய லிஸ்டரீனில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் அல்கஹோல். இப்போது அல்கஹோல் இல்லாத வகையும் வருகிறது.

லிஸ்டரீன் கதை வியாபாரிகள் படிக்க வேண்டிய கதை. 1879இல் அமெரிக்காவில் சத்திரசிகிச்சைக்கான கிருமிநாசினியாகத்தான் அது பிறந்தது. 1895இல் பல் வைத்தியர்களுக்கு விற்றார்கள், 1914இல் பொதுமக்களுக்கு. 1920களில் வாய் நாற்றத்துக்கு வைத்தியப் புத்தகப் பெயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதனால் கலியாணமே நடக்காது என்று விளம்பரம் போட்டதும் விற்பனை எகிறியது. தடிமனையும் தடுக்கும் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அது உண்மையல்ல என்று விளம்பரத்திலேயே திருத்திச் சொல்லும்படி 1975இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு உத்தரவிட்டது. போத்தலில் தவறில்லை. அது செய்யாததைச் செய்யும் என்று சொல்லி விற்றதுதான் தவறு. நான் ஒன்றும் சொல்லாமல் விற்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாக்கை வழித்து, காலை இரவு பல் துலக்கி, முரசைச் சுத்தம் செய்தால் பலருக்குப் போத்தலே தேவையில்லை. மிஸ்வாக் பழக்கம் உள்ளவர் அதை விடவும் வேண்டாம். இவ்வளவும் செய்தும் நாற்றம் போகாவிட்டால் பல் வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள். நமது நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயைத் தரக்கூடியது என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு அறிவித்துவிட்டது. அரசாங்க வைத்தியசாலைகளின் பல் பிரிவில் காட்டக் காசும் கேட்பதில்லை.

சுன்னாகத்துக் கடையை இப்போது அவருடைய மகன் பார்க்கிறான். போன முறை கணக்கு முடிக்கும்போது அவன் வாயும் சிவந்திருந்தது. அடுத்த லொறியோடு போகும்போது, வாப்பா மாதிரி அதட்டியாவது அவனைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போவதாக அவன் தாயிடம் சொல்லியிருக்கிறேன்.