51 என்ற விடையும் அதன் காரணமும்

கணித ஒலிம்பியாடின் முதல் படியான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் நெருங்குகிறது. பெற்றோர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கவலை ஒன்றுதான்: எட்டாம் வகுப்புப் பிள்ளை பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முடிக்காமல் இதை எழுத முடியுமா?

முடியும். ஒலிம்பியாட் பாடத்திட்டத்தில் கால்குலஸ் கிடையாது. இயற்கணிதம், வடிவியல், எண் கோட்பாடு, எண்ணும் முறைகள் ஆகியவை மட்டுமே. வகுப்பைத் தாண்டி ஓடுகிறவருக்கு இங்கே பெரிய சலுகை இல்லை. ஒரே கணக்கோடு அதிக நேரம் உட்காரத் தெரிந்தவருக்கே இடம். அடுத்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டே நடத்திவிட்டு அதற்கு ‘ஒலிம்பியாட் ஃபவுண்டேஷன்’ என்று பெயர் வைக்கும் பயிற்சி மையங்கள் விற்பது வேறு சரக்கு.

சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தேர்வு என்றே ஐ.ஓ.க்யூ.எம். அறிமுகமாகிறது. பாதி உண்மை. 30 கேள்விகள், 3 மணி நேரம், 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையுள்ள ஓர் எண், அதை ஓ.எம்.ஆர். தாளில் கறுப்பாக்க வேண்டும். நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கும் வழி இதில் அடைபட்டுவிடுகிறது; கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நூற்றில் ஒரு வாய்ப்புதான். கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் அது எதைப் பார்க்காமல் விடுகிறது?

1 முதல் 100 வரையுள்ள எண்களில் குறைந்தது எத்தனையை எடுத்தால், எப்படி எடுத்தாலும், அவற்றுள் ஒன்று இன்னொன்றை மீதியின்றி வகுக்கும்? 51 முதல் 100 வரையுள்ள 50 எண்களை எடுத்துப் பார்க்கும் மாணவிக்கு அவற்றுள் எதுவும் இன்னொன்றை வகுக்காது என்று தெரிந்துவிடும். அப்படியானால் விடை 51 என்று ஊகித்துக் குறித்துவிடலாம். முழு மதிப்பெண்.

இன்னொரு மாணவி, எண்களை ஒற்றைப்படை வரும்வரை பாதியாக்கிக்கொண்டே போகிறாள்: 48, 24, 12, 6, 3. நூறுக்குள் ஒற்றைப்படை எண்கள் 50தான். எனவே 51 எண்களில் ஏதேனும் இரண்டு ஒரே ஒற்றைப்படையில் வந்து நிற்கும். அந்த இரண்டில் சிறியது பெரியதை வகுக்கும். தொடக்கப் பள்ளி வகுத்தலைத் தவிர இதில் எதுவும் இல்லை. இவளுக்கும் அதே மதிப்பெண்தான்.

கேள்வியைச் சற்றே மாற்றுவோம். 1ஐத் தவிரப் பொது வகுஎண் இல்லாத இரண்டு எண்கள் கட்டாயம் கிடைக்க எத்தனை எடுக்க வேண்டும்? மறுபடியும் 51. காரணம் முற்றிலும் வேறு: 51 எண்களில் அடுத்தடுத்த இரண்டு எண்கள் வந்தே தீரும். கணித மேதை பால் எர்டோஷ் ஏறக்குறைய இதையே ஹங்கேரியச் சிறுவன் லாயோஷ் போஷாவிடம் கேட்டார். சூப் குடித்துக்கொண்டிருந்த சிறுவன் அரை நிமிடத்தில் காரணத்தைச் சொன்னான். திறமையுள்ள பிள்ளைகளுக்கான கணித முகாம்களைப் பிற்காலத்தில் நடத்தியவர் அதே போஷாதான். ஓ.எம்.ஆர். தாளில் இரண்டு கேள்விக்கும் அதே வட்டங்கள்தான் கறுப்பாகும்.

எழுதிய நிரூபணத்தை ஒரு மனிதர் படித்துப் பார்ப்பது அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ.வில்தான். அதாவது, ஆழமான கணக்கு வடிகட்டலைத் தாண்டியவர்களுக்கே கிடைக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆர்வமுள்ள மாணவருக்கு ஆசிரியரே வகுப்பில் கூடுதல் பாடப்பொருள் தந்து ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. போர்ஷனை முடிக்கவே திணறும் ஆசிரியருக்கு அதற்கான பாடவேளையை யார் ஒதுக்குவது? மேலே சொன்ன இரண்டு கணக்குக்கும் ஒரே ஒரு பாடவேளை போதும்.

மற்ற கேள்விகள்:

நெகட்டிவ் மார்க்? இல்லை.

கால்குலேட்டர்? அனுமதி இல்லை.

எங்கள் பள்ளி மையமாகப் பதிவு செய்யவில்லையே? பதிவு பெற்ற வேறு மையம் வழியாக எழுதலாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு? 1965இல் தொடங்கப்பட்ட, சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் திறன் தேர்வில் அந்த வயதினருக்கும் பிரிவு உண்டு.

தேர்வே எழுதாமல் கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாமா? தாராளமாக. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆர்.எம்.ஓ. தாள்களிலிருந்து தொடங்குங்கள்.