கைப்பிடி அரிசியும் அசனமும்

திருநெல்வேலித் திருச்சபை தன் பிறப்பாண்டாகக் கொள்வது 1780. அந்த ஆண்டு பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. அவர்களில் முதன்மையானவர் குளோரிந்தா. பிராமணக் குடும்பத்து விதவையான அவர் 1778-இல் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் முயற்சியில் 1785-இல் எழுந்த சிறு ஆலயத்தை ஊர்க்காரர்கள் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். அந்த 40 பெயர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் என்று இரண்டு திருமண்டலங்களாகப் பெருகிவிட்டன. அந்தப் பெருக்கத்துக்கு நன்றி சொல்ல இச்சபைகளில் ஜெபமும் பாட்டும் மட்டும் போதுவதில்லை. அரிசி அளக்க வேண்டும், கோழியை ஏலத்தில் எடுக்க வேண்டும், கடைசியில் எல்லாரும் பந்தியில் உட்கார வேண்டும்.

இவற்றில் மிகச் சிறியது கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது குடும்பத்துக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வீட்டுப் பெண் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் காசு புழங்காத காலத்தில் பெண்களின் கையில் இருந்த ஒரே காணிக்கை அதுதான். மிசோரம் சபைகளிலும் இந்த வழக்கம் 1910 முதல் உண்டு. அங்கே அது சபையின் பெரிய வருமானமாகவே வளர்ந்தது. தெற்குத் திருநெல்வேலியின் தேரிக்காடுகளில் அரிசியே அரிது. அங்கே பனையேறிகளின் வீட்டுக் காணிக்கை கருப்பட்டியாகவும் வந்தது. பதநீர்க் காலம் நன்றாக இருந்தால், ஊர்ச் சபையைக் கவனித்த உபதேசியாரின் மாதமும் நன்றாக இருக்கும்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கை பொதுவெளிக்கு வந்துவிடுகிறது. முதற்பலனாக வரும் நெல், வாழைத்தார், சுரைக்காய், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் கோயில் முன்னே குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டை சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதும், எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் வழக்கம். இதில் பக்தியோடு கொஞ்சம் வீம்பும் கலந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். யார் எதை எவ்வளவுக்கு எடுத்தார் என்பது அடுத்த அறுப்பு வரை பேச்சாக நிற்கும்.

இந்தச் சிறு காணிக்கைகளுக்கு ஒரு அமைப்பு வேண்டும் என்று கண்டவர் ரேனியஸ் ஐயர். பிரஷ்ய நாட்டவரான அவர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் அங்கேயே இறந்தார். மதம் மாறியவர்களை நிலக்கிழார்கள் ஊரைவிட்டு விரட்டியபோது, நிலம் வாங்கி அவர்களைக் குடியமர்த்த அவர் காலத்தில் உருவானதே தர்மசங்கம். அதற்கு ஒரு தலைமுறை முன்பே, 1799-இல், உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியில் இத்தகைய குடியிருப்பாக முதலூர் பிறந்திருந்தது. பெயரே முதல் ஊர். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம் என்று வரிசையாக முளைத்த ஊர்ப்பெயர்களில் வேதாகமமும் புரவலர்களின் பெயர்களும் கலந்து கிடக்கின்றன. டோனாவூர், பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரால் வந்தது. நன்றியை ஊர்ப்பெயராகவே வைத்துவிட்டார்கள்.

ஆலயங்கள் எழுந்த வேகமும் காணிக்கையின் வேகம்தான். இடையன்குடியில் கால்டுவெல் கட்டத் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டை பெற 33 ஆண்டுகள் ஆயின. 1880-இல்தான் அது முடிந்தது. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் ஏறத்தாழ 190 அடி. செம்மணல் வெளியில் தொலைவிலிருந்தே அது தெரியும். மிஷனெரி வரலாறுகள் இந்தக் கட்டடங்களை ஐயர்மாரின் பெயரில் எழுதிவைத்திருக்கின்றன. அது பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்கு உரிய கலயங்களும் கருப்பட்டிச் சிப்பங்களும் அந்தப் புத்தகங்களில் புள்ளிவிவரமாக மட்டுமே வருகின்றன.

ஆலயம் எழுந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுவது பிரதிஷ்டைப் பண்டிகை. பல ஊர்களில் அதன் முடிவில் வருவது அசனம். உணவு என்று பொருள்படும் பழைய வடசொல் இது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வழக்கொழிந்து, தென்மாவட்டக் கிறிஸ்தவர்களிடம் ஒரு விருந்தின் பெயராக உயிரோடு இருக்கிறது. முந்தின நாள் இரவே அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு அசனத்தின் அடையாளம். அரிசியும் ஆடும் பொருத்தனையாக, அதாவது நேர்ந்துகொண்ட காணிக்கையாக, வரும். சமையலும் பரிமாறலும் ஊர்க்காரர் கை.

பசியாறுவதற்கு மட்டும் ஏற்பட்ட விருந்தாக இதைப் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில் பொதுப் பந்தி என்பது ஒரு பிரகடனம். ரேனியஸ் தன் பாடசாலையில் எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்றபோது பெற்றோரிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஞானஸ்நானத்துக்கு ஒப்பியவர்கள் பந்திக்கு ஒப்பவில்லை. சபைக்குள் சாதி இன்னும் முழுதாகப் போய்விடவும் இல்லை; திருமண அழைப்பிதழைப் பார்த்தாலே தெரியும். என்றாலும் அசனப் பந்தியில் மட்டும் வரிசை மாற்ற முடியாதபடி நெருக்கமாக இருக்கும்.

பெற்றுக்கொண்ட சபை கொடுக்கும் சபையாக மாறியது 1903-இல். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்னின்று பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. 1912-இல் அசரியா அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலியும் அதில் இணைந்தது. 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தது.

இதற்கிடையே பனை பின்வாங்கிவிட்டது. நாசரேத்தில் 1878-இல் தொடங்கிய தொழிற்பள்ளியும், பாளையங்கோட்டையின் கல்லூரிகளும் பனையேறியின் பேரனை ஆசிரியராக, எழுத்தராக, மருத்துவராக ஆக்கின. கருப்பட்டி வந்த இடத்தில் சம்பளத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் வந்தது. பிறகு சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் மணியார்டர், அதன்பின் வளைகுடாவிலிருந்து வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம். கலயத்தின் இடத்தைப் பெயர் அச்சிட்ட காணிக்கைக் கவர் பிடித்துக்கொண்டது. பணம் பெருகியதும் சபை நிர்வாகத் தேர்தல்களின் சூடும் பெருகியது; வழக்குகள் நீதிமன்றம் வரை போகின்றன. விளைச்சலே இல்லாத நகரத்துச் சபைகளும் அறுப்பின் பண்டிகையை விடவில்லை; ஏலத்துக்கான சுரைக்காயைக் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அசனம் மட்டும் அதிகம் மாறவில்லை. வெளியூரில் இருப்பவர்கள் அந்த நாளைக் கணக்கிட்டு விடுப்பு எடுத்து வருகிறார்கள். பந்தி முடிந்தபின் தூக்குச்சட்டிகளோடு இன்னொரு வரிசை நிற்கும். நடக்க முடியாமல் வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கும், பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களுக்கும் அதில் சோறு போகும்.