மூணு மணி நேர இட்லி!

எங்க ஊர் திருப்போரூர். கந்தசாமி கோயில் இருக்கிற அதே திருப்போரூர்தான். கிருத்திகை அன்னிக்கு மொட்டைத் தலைகளுக்கு நடுவே சைக்கிள்கூட நுழையாது. எனக்கு சிறுசேரியில் ஆபீஸ். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா போய் எட்டு மாசம் ஆகிறது.

அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு என்பது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வாய், அப்புறம் "போதும்டா". உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று ஒரு வார்த்தை கிடையாது. அம்மா சமையலில் நாற்பத்தைந்து வருஷம் குற்றம் கண்டுபிடித்த மனுஷர் சார்! அவர் என் சமையலையே குறை சொல்லவில்லை என்றால், நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ராத்திரி, இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே திடீரென்று கேட்டார். "காஞ்சிபுரம் கோயில் இட்லி சாப்பிட்டிருக்கியாடா?"

"இல்லப்பா..."

"1979-ல நானும் உங்கம்மாவும் அத்திவரதர் பார்க்கப் போனோம். கல்யாணமாகி ஒரு மாசம். கூட்டத்துல செருப்பு போச்சு. வெளியில வந்து அந்த இட்லியைப் பிட்டுத் தின்னோம்..." அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார்.

அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் இருப்பவர். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 2019-ல் வந்தபோது 48 நாள் தரிசனம், காஞ்சிபுரமே திணறியது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் டி.வி.யிலேயே கும்பிட்டுக்கொண்டாள். அடுத்தது 2059. அதுவரை இட்லிக்குக் காத்திருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சாப்பாடு என்றால் அவன் லீவ் லெட்டரே கொடுப்பான். செங்கல்பட்டு வரைக்கும் இரண்டு பக்கமும் காடு. அப்புறம் வாலாஜாபாத். பாலாறு கூடவே வருகிறது, தண்ணீரைத்தான் காணோம்.

காஞ்சிபுரம் நுழைந்ததும் ஒரு ஓட்டல் வாசலில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று போர்டு. பசி சும்மா இருக்குமா? உட்கார்ந்தோம். டம்ளரில் வேகவைத்த இட்லி வந்தது. மேலே கடுகு, முந்திரி, கறிவேப்பிலை அலங்காரம். வாயில் வைத்தால், வீட்டு இட்லிக்கு மேக்கப் போட்ட மாதிரி இருந்தது.

"மச்சி, இதுக்கா உங்கப்பா நாற்பது வருஷமா ஞாபகம் வெச்சிருக்கார்?" என்றான் நண்பன்.

கை கழுவிவிட்டு சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால், நடை சாத்துகிற நேரம். பிரசாதக் கடைப் பெரியவர் கையை விரித்தார். "இட்லி தீர்ந்துபோச்சு தம்பி. சீக்கிரமா வரணும்."

அடுத்த ஞாயிறு விடியுமுன் கிளம்பினோம். இந்தத் தடவை வழியில் டீகூடக் கிடையாது. பெருமாளைச் சேவித்தோம். நண்பன் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் தொட்டு, பழைய பாவத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டான். பிறகு பிரசாதக் கடை.

பெரியவர் கேக் மாதிரி வெட்டிய ஒரு வில்லையை வைத்தார். பழுப்பு கலந்த நிறம். மல்லிகைப்பூ மாதிரி எல்லாம் இல்லை. பிட்டால் கொஞ்சம் அழுத்தமாக, கொரகொரவென்று வருகிறது. வாயில் வைத்ததும் முதலில் இலை வாசனை. அப்புறம் லேசான புளிப்பு. கடைசியில் தொண்டையில் சுக்கும் மிளகும் சேர்ந்து ஒரு சுள்!

"சட்னி இல்லையா?" என்றான் நண்பன்.

பெரியவர் சிரித்தார். "இது டிபன் இல்ல தம்பி, பிரசாதம். பெருமாளே சட்னி கேட்கலை, உமக்கென்ன?"

பேச்சுக் கொடுத்தேன். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, புளிக்கவைத்து, தயிர், நெய், மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்ப்பார்களாம். இட்லித் தட்டே கிடையாது. மூங்கிலில் பின்னிய நீளமான குடலை. உள்ளே மந்தாரை இலை சுற்றி, மாவை ஊற்றி ஆவியில் வைப்பது. நம் வீட்டு இட்லி பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். இது நடுவரைக்கும் ஆவி போய்ச் சேர மூணு மணி நேரம்! அதனால்தான் குடலை இட்லி என்றும் பேர்.

மிளகாய் மருந்துக்கும் கிடையாது. மிளகாய் நம்ம நாட்டுக்கு வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது, போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான். மடைப்பள்ளிக்கு அந்தப் பழைய கணக்கு இன்னும் மறக்கவில்லை.

சட்னி, தேங்காய் எதுவும் இல்லாததால் இது சீக்கிரம் கெடாது. ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு வேண்டியதும் அதுதானே! பார்சல் கட்டிக்கொண்டு, அறுபது கிலோமீட்டரும் பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்து எங்களைச் செங்கல்பட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதுவரை நாங்களும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். சொந்த மாவட்டத்து இட்லியை, மாவட்டம் மாறின பிறகு போய்ச் சாப்பிட்ட பெருமை எனக்கு!

வீட்டில் அப்பா ஈஸிசேரில் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்து நீட்டினேன். வாசனையிலேயே தெரிந்துவிட்டது போல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு நெஞ்சு படபடத்தது. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படி நின்றதில்லை.

"சுக்கு கம்மி" என்றார்.

"அப்பா..?"

"அன்னிக்கு இன்னும் சுள்ளுன்னு இருந்தது. உங்கம்மா தண்ணி தண்ணின்னு பறந்தா. தண்ணிக்கு எங்கே போறது அந்தக் கூட்டத்துல?" சிரித்தார். கண் ஓரம் ஈரம். இரண்டாவது வில்லைக்குத் தானாகவே கை நீட்டினார். அப்புறம் மூன்றாவது.

கை கழுவி வந்தவர், துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "டேய், நேத்து ஒரு சாம்பார் வெச்சியே... அது என்ன, புளிக் குழம்பா?"

நண்பன் என் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

அன்றிலிருந்து தினமும் திட்டுதான். இன்று காலைகூட ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று பத்து நிமிஷம் லெக்சர். ஆபீஸில் இன்கிரிமென்ட் வந்தபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை சார்!