கருத்தரங்கில் பேசியது பாடநூலில் வந்ததா?

இன நல்லிணக்கம் பற்றித் தொலைக்காட்சியில் எப்போது பேச்சு எழுந்தாலும், பார்வையாளர் வரிசையிலிருந்து யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "பல்கலைக்கழகங்களில் அமைதிக்கென்றும் கலாசாரப் புரிந்துணர்வுக்கென்றும் மாநாடு போடுகிறார்களே, பையும் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்களே, அதனால் சாதாரண மக்களுக்கு என்ன கிடைத்தது?"

நியாயமான கேள்விதான். பொதுவாகப் பதில் சொன்னால் அது மேடைப் பேச்சாகிவிடும். உண்மையில் நடந்த ஒரு கருத்தரங்கை எடுத்துக்கொண்டு, அது எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் விவரம் விளங்கும். அதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோலாலம்பூரிலேயே ஒன்று இருக்கிறது.

1995 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'இஸ்லாமும் கன்பூசிய நெறியும்: ஒரு நாகரிக உரையாடல்' என்ற பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அப்போது துணைப் பிரதமராக இருந்தவரும், 2022 நவம்பரில் பிரதமரானவருமான அன்வார் இப்ராஹிம் அதில் முதன்மை உரை நிகழ்த்தினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கன்பூசிய அறிஞர் தூ வெய்மிங் வந்திருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஒஸ்மான் பக்கார் இந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர்.

உலகத்தில் எத்தனையோ சமயங்களும் நெறிகளும் இருக்க, ஏன் இந்த இரண்டு மட்டும்? அதற்குக் காரணம் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கட்டுரை.

கேள்விக்குறி காணாமல் போன கதை

1993-இல் சாமுவேல் ஹண்டிங்டன் என்ற அரசியல் அறிஞர் 'நாகரிகங்களின் மோதல்?' என்று ஒரு கட்டுரை எழுதினார். இனிமேல் உலகில் சண்டை வருவது முதலாளித்துவத்துக்கும் கம்யூனிசத்துக்கும் இடையில் அல்ல. நாகரிகங்களுக்கு இடையில்தான் என்பது அவர் வாதம். மேற்கத்திய நாடுகளுக்கு எதிராக இஸ்லாமிய நாடுகளும் கன்பூசியப் பின்னணி கொண்ட நாடுகளும் கைகோக்கும் என்றும் அவர் எச்சரித்தார். 1996-இல் கட்டுரை புத்தகமாக வந்தபோது தலைப்பில் இருந்த கேள்விக்குறியைக் காணவில்லை. மூன்றே ஆண்டுகளில் சந்தேகம் முடிவாகிவிட்டது.

வாஷிங்டனில் இருப்பவருக்கு இது வெளியுறவுக் கொள்கை. மலேசியாவில் இருப்பவருக்கோ இது தெருவில் உள்ள அடுத்த வீடு. முஸ்லிம்களும் சீனர்களும் இந்தியர்களும் ஒரே நாட்டில் வாழும்போது, நாகரிகங்கள் மோதத்தான் வேண்டும் என்ற கொள்கை வேரூன்றிவிட்டால் அதன் விலையை முதலில் கொடுக்கப் போகிறவர்கள் இங்குள்ளவர்கள்தான். வட்டார நிலையும் அப்போது சுமுகமாக இல்லை. கருத்தரங்குக்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், 1995 பிப்ரவரியில், தென்சீனக் கடலில் மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டுமானங்களை எழுப்பியிருப்பதைப் பிலிப்பைன்ஸ் கண்டறிந்தது. ஐரோப்பாவில் போஸ்னியப் போர் முடிந்தபாடில்லை.

எனவே, அந்தக் கருத்தரங்கைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஹண்டிங்டன் சொன்னதை "இல்லை" என்று மறுத்துவிட்டுப் போவதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு இருந்தது. இந்த இரண்டு மரபுகளும் ஒன்றை ஒன்று வேவு பார்க்கும் அந்நியர்கள் அல்ல, பல நூற்றாண்டுகளாகப் பேசிப் பழகியவை என்பதை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

அதற்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. சீனாவிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் அறிஞர்கள் வாங் தாய்யு, லியு ஜி போன்றவர்கள், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இஸ்லாமியக் கோட்பாடுகளைக் கன்பூசியக் கலைச்சொற்களாலேயே சீன மொழியில் விளக்கி எழுதினார்கள். கன்பூசிய மரபின் அடிப்படை நூல்களில் ஒன்றுக்கு 'மாபெரும் கல்வி' என்று பெயர். வாங் தாய்யு தம் இஸ்லாமிய நூலுக்கும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, 'தூய, மெய்யானதன் மாபெரும் கல்வி' என்று தலைப்பிட்டார். அண்டை வீட்டுக்காரரின் பாத்திரத்தில் தம் வீட்டுச் சோற்றைப் பரிமாறியது போல! சச்சிகோ முராத்தா என்ற அறிஞர் 2000-இல் இந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் தூ வெய்மிங்.

கல்லில் இருந்த தமிழ்

இங்கே தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கல்வெட்டு உண்டு. மலாக்கா வரலாற்றைப் படித்த எவருக்கும் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவைத் தெரியும். யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மிங் பேரரசருக்காக 1405 முதல் 1433 வரை கடலோடியவர். அவர் இலங்கையில் நாட்டிய கல் ஒன்று 1911-இல் காலி நகரில், ஒரு சிறு வடிகால் பாலத்துக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், தமிழ், பாரசீகம்.

மொழிபெயர்ப்புக் கல் என்று நினைத்தால் அது தவறு. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி, இலங்கையின் தென்முனையில் கோயில் கொண்டிருந்த திருமாலின் வடிவமான தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் கொடுத்த காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றேதான். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்துமாக்கடலில் வணிகம் செய்ய வந்த ஒரு பேரரசு, துறைமுகத்தில் இருக்கும் மூன்று சமூகத்தாரிடமும் அவரவர் மொழியில், அவரவர் தெய்வத்தின் பெயரால்தான் பேச வேண்டும் என்று புரிந்து வைத்திருந்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். 1411-இல் அதே கடற்படை இலங்கை ஆட்சியாளரோடு போரிட்டு அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. கல் நட்டதால் மட்டும் அமைதி வந்துவிடவில்லை. மாநாட்டுத் தீர்மானங்களைப் பெரிதாக நம்புகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

செங் ஹோவின் கல்லில் தமிழுக்கு இடம் இருந்தது. 1995 கருத்தரங்கின் தலைப்பில் இந்திய நாகரிகத்துக்கு இடம் இல்லை. இருவர் பேசும் உரையாடலுக்கு அதற்கான காரணம் இருக்கலாம். ஹண்டிங்டன் குறிப்பிட்ட இணை அதுதான் என்பதும் உண்மை. இருந்தாலும், தனிநாயக அடிகள் தலைமையேற்ற இந்திய ஆய்வியல் துறை இருந்ததும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியதும் இதே மலாயாப் பல்கலைக்கழகம்தான். மூன்றாவது நாற்காலி போடுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டிய நிலை அங்கே இல்லை.

வகுப்பறைக்கு வந்தபோது

சரி, கருத்தரங்கு முடிந்தது. பிறகு என்ன ஆயிற்று? பெரும்பாலான மாநாடுகள் இந்த இடத்தில்தான் இறந்துபோகின்றன. கட்டுரைகள் தொகுப்பாக அச்சாகி, நூலகத்தில் தூசி படியும். 1995 கருத்தரங்கு அந்த வகையில் சற்று அதிர்ஷ்டம் செய்தது. 1996-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நாகரிக உரையாடல் மையம் அமைந்தது. 1997-இல் கட்டுரைத் தொகுப்பும் வந்தது. நாகரிகங்களைப் பற்றிய பேச்சு பாடத்திட்டத்துக்குள்ளும் நுழைந்தது.

இஸ்லாமிய நாகரிகத்தை மட்டும் கட்டாயப் பாடமாக்கும் யோசனைதான் முதலில் வந்தது. பிற சமூகங்களின் ஆட்சேபத்துக்குப் பிறகு சீன, இந்திய, மலாய் நாகரிகங்களும் சேர்க்கப்பட்டு, 1990-களின் பிற்பகுதியில் 'இஸ்லாமிய, ஆசிய நாகரிகங்கள்' என்ற பாடம் பொதுப் பல்கலைக்கழகங்களில் கட்டாயமானது. 'தித்தாஸ்' என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொன்ன பாடம் இதுதான். எதற்கு எத்தனை பக்கம் என்ற சர்ச்சை கடைசிவரை ஓயவில்லை. இருந்தாலும், ஒரு மலாய் மாணவரும் ஒரு சீன மாணவரும் தேர்வுக்காகவாவது இந்திய நாகரிகம் என்ற அத்தியாயத்தைப் புரட்ட நேர்ந்தது சிறிய விஷயமல்ல.

ஆனால், படிப்பது ஒன்று, தெருவில் நடப்பது வேறு. ஈரான் அதிபர் முகமது கத்தாமியின் யோசனைப்படி 2001-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை 'நாகரிகங்களுக்கிடையிலான உரையாடல் ஆண்டு' என்று அறிவித்திருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் கம்போங் மேடான் கலவரம் வெடித்தது. மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லாத பகுதி அது. ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் வெட்டுக் காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஒரு மலாய்க் குடும்பத்தின் கல்யாணமும் அருகில் ஓர் இந்தியக் குடும்பத்தின் இறப்புச் சடங்கும் ஒரே நேரத்தில் வந்தது தகராறுக்குத் தொடக்கம் என்று அன்றைய செய்திகள் கூறின. மாமாக் கடையில் மூன்று இனத்தவரும் சேர்ந்து தே தாரிக் குடிப்பதை நல்லிணக்கம் என்று சொல்லிச் சொல்லியே நாட்டுக்குப் பழகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் என்ன செய்வார்கள், எத்தனை நாள் துக்கம், தப்பு அடிப்பது எதற்காக என்று எதுவுமே தெரியாமல் எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம். புறம்போக்குக் குடியிருப்பின் நெருக்கடியும் வறுமையும் அதோடு சேர்ந்தால் ஒரு சின்ன உரசல் போதும்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் கல்வியாளர்கள் வெட்கப்பட வேண்டிய கட்டம். இனங்களுக்கிடையில் புரிந்துணர்வை வளர்க்கவென்றே 'இன உறவுகள்' என்ற கட்டாயப் பாடம் உருவானது. 2006-இல் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் அதற்குத் தயாரித்த பாடநூல் வெளியே தெரியவந்தபோது, கம்போங் மேடான் சம்பவத்துக்கு இந்திய இளைஞர்களைக் குறைகூறும் பகுதி அதில் இருந்தது. 1969 மே 13 கலவரத்துக்கும் அது ஓர் எதிர்க்கட்சியைக் குற்றம் சாட்டியது. உறவினரைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால், தேர்வில் மதிப்பெண் வாங்க அவர் எதை எழுதியிருக்க வேண்டும்?

எதிர்ப்பு பலமாக எழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அமைச்சரவை பாடநூலை மீட்டுக்கொள்ளச் செய்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய பாடநூல் எழுதப்பட்டு 2007-இல் வந்தது. அதே ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் இன ஆய்வுக்கென்று ஒரு கழகமும் அவர் தலைமையில் தோன்றியது. அவர் பின்னர் வலியுறுத்தி வந்த கருத்து கவனிக்கத்தக்கது: மலேசியாவில் இருப்பது முழு ஒற்றுமை அல்ல, ஒற்றுமையைத் தேடும் சமூக இணக்கமே. மாநாட்டு மேடைகளில் கேட்கும் 'ஒற்றுமை மலர்ந்துவிட்டது' என்ற பேச்சைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

பதிவாளர் முகப்பில்

அண்டை நாடான இந்தோனேசியாவில் இதே இஸ்லாம், கன்பூசிய உறவு வேறு வழியில் சோதனைக்கு வந்தது. 1967-இல் சுஹார்த்தோ அரசு பிறப்பித்த ஆணை, சீனர்கள் தங்கள் பண்டிகைகளையும் சடங்குகளையும் பொதுவில் நடத்தத் தடை விதித்தது. கன்பூசிய முறைப்படி நடந்த திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலகங்கள் மறுத்தன. சுரபாயாவில் இப்படி மறுக்கப்பட்ட ஒரு தம்பதியர் நீதிமன்றம் போனார்கள். 1996-இல் அவர்களுக்கு ஆதரவாக அந்த நீதிமன்றத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? நாட்டின் மிகப்பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்தத்துல் உலாமாவின் தலைவர், 'குஸ் துர்' என்று மக்கள் அன்போடு அழைத்த அப்துர்ரஹ்மான் வாஹிட்.

அதற்கும் கோலாலம்பூர் கருத்தரங்குக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. கட்டுரை வாசித்தவர்கள் ஒருபுறம் இருக்க, ஒரு சமயத் தலைவர் இன்னொரு நெறியைச் சேர்ந்தவர்களின் கல்யாணப் பதிவுக்காக நீதிமன்றப் படியேறினார். 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீனர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தக் கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதிபரான குஸ் துர், 2000-இல் 1967-ஆம் ஆண்டு ஆணையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு அங்கே தேசிய விடுமுறை. 2006-இல் கன்பூசிய நெறி மீண்டும் அரசின் அங்கீகாரம் பெற்றது.

அதே 2006-இல்தான் மலேசியாவில் பாடநூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. 'தித்தாஸ்', 'இன உறவுகள்' இரண்டின் இடத்திலும் 2019 முதல் நெறிமுறை, நாகரிகம், தத்துவம் சார்ந்த புதிய பாடங்கள் வந்துள்ளன. பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர், கட்டணச் சீட்டைப் பார்ப்பதுபோல் அந்தப் பாடநூலையும் ஒருமுறை வாங்கிப் புரட்டலாம். 2006-இல் அந்தப் பக்கங்கள் வெளியே தெரிந்ததும், யாரோ ஒருவர் அதைப் படித்துப் பார்த்ததால்தான்.