குட்டி வார்த்தைதான்... ஆனா அர்த்தம் 645!

ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு: 'இஃப் தி ஃபயர் அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்.' இதை எப்படிப் புரிஞ்சுக்குவீங்க? 'ஆஃப்'னா நின்னுபோறதுதானே, அப்போ அலாரம் சத்தம் நின்ன பிறகு வெளியே போகலாம்னு நினைச்சா... ஆபத்து பாஸ்! அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால், அடிக்க ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். சத்தம் கேட்டதுமே கிளம்பிடணும்.

இதே 'கோ ஆஃப்' லைட்டோடு சேர்ந்தா, அணைஞ்சுபோறது. வெடிகுண்டோடு சேர்ந்தா, வெடிக்கிறது. பாலோடு சேர்ந்தா, கெட்டுப்போறது. ரெண்டே ரெண்டு குட்டி வார்த்தைகள் பண்ற வேலையைப் பாருங்க!

ஆங்கிலத்தில் கஷ்டமே நீளமான வார்த்தைகள்தான்னு நினைக்கிறோம். உண்மையில் அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு அர்த்தம்தான். தினமும் புழங்கும் சின்ன வார்த்தைகள்தான் ஆளுக்குத் தகுந்த மாதிரி வேஷம் மாத்தும். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தங்கள். பிறகு அகராதியைத் திருத்தும்போது, 'ரன்' அதை முந்திடுச்சு. மொத்தம் 645! அந்த ஒரு சொல்லைத் தொகுக்க, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதங்கள் ஆச்சு.

'ரன்'னா ஓடுறது மட்டும் இல்லை. மூக்கு 'ரன்' ஆனா ஒழுகுது. கடையை 'ரன்' பண்ணினா நடத்துறது. 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருத்தரைச் சந்திக்கிறது. 'ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துபோச்சு. கிரிக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!

'இதையெல்லாம் எப்படி மனப்பாடம் பண்றது?'னு மலைக்காதீங்க. நம்ம 'அடி'யை யோசிங்க. வெயில் அடிக்குது, போன் அடிக்குது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், எக்ஸாம்ல காப்பி அடிக்கிறோம், பழனியில மொட்டை அடிக்கிறோம். இதை எந்த அகராதியைப் பார்த்துக் கத்துக்கிட்டோம்? பக்கத்துல இருக்கும் சொல்லோடு சேர்த்துக் கேட்டே பழகினோம்.

ஆங்கிலத்துக்கும் அதே வழிதான். டிக்‌ஷனரி ஆப்பில் 'ஆஃப்'னு தனியா தேடாம, 'கோ ஆஃப்'னு ஜோடியாகத் தேடுங்க. கீழே இருக்கும் உதாரண வாக்கியத்தையும் படிங்க. பிடிச்ச வாக்கியத்தை முழுசா போன் நோட்ஸில் சேமிச்சு வைங்க. தினமும் ஒண்ணு போதும்!