வாஷக்தூனில் சூரியோதயம்

குவாத்தமாலா தேசத்தின் வடபகுதியாகிய பெத்தேன் மாகாணத்தில், உலகெங்கிலுமிருந்து பிரயாணிகள் திரண்டு வந்து காணும் திக்கால் நகரத்தின் மாபெருங் கோயில்களைக் கடந்து, வடக்கே வனத்தினூடே செல்லும் மண்பாதையில் இன்னும் 23 கிலோமீட்டர் போக மனமுள்ளவர்கள், மாயா நாகரிகத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றில் கணிசமானதொரு பகுதி எந்த மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டதோ அந்த வாஷக்தூன் என்னும் புராதன நகரத்தை அடைவார்கள். அங்கே முதலில் கண்ணுக்குப் புலப்படுவது இடிபாடு அன்று. மக்கள் குடியிருக்கும் ஒரு கிராமம். நடுவே புல் மண்டிய நீண்ட விமான ஓடுதளம், அதன் இருமருங்கிலும் எளிய வீடுகள், அவற்றுக்கு அப்பால் மரங்களின் நிழலில் ஆயிரமாண்டுப் பழமையுடைய சுண்ணாம்புக்கல் கோயில்கள். புராதன நகரங்களையெல்லாம் வேலியிட்டு மனித வாசம் அற்றவையாக்கிக் காட்டும் இக்காலத்தில், இவ்விதம் குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு அருகிலேயே பிரமிடு ஒன்று நிற்பதைக் காண்பது எனக்கு மிகுந்த மனநிறைவளிக்கும் விஷயம்.

அந்த ஓடுதளம் உண்டானதற்குக் காரணம் ஒரு மரம். நம் நாட்டுத் தோட்டங்களில் இன்று காய்த்துக் குலுங்கும் சப்போட்டா மரத்தின் பூர்வீகம் மெக்சிகோவின் தென்பகுதியும் மத்திய அமெரிக்காவுமாகும். மாயர்கள் அதன் வைரம் பாய்ந்த கட்டையைக் கோயில் வாயில்களுக்கு மேல் உத்தரமாக வைத்தார்கள்; திக்காலில் அவ்விதம் வைத்த உத்தரங்களுட் சில, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உளுத்துப் போகாமல் நம் காலம்வரை நிலைத்திருக்கின்றன. அதே மரத்தின் பட்டையை வெட்டுக்கத்தியால் கோணல்மாணலாகக் கீறினால் வடியும் பாலைக் காய்ச்சி இறுக்கிய பொருள்தான் சிக்லே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சூயிங்கம் மெல்லும் வழக்கம் பரவியபோது அதற்கு மூலப்பொருளாக இருந்தது இதுவே; இதை விமானத்தில் ஏற்றி அனுப்பவே அந்த ஓடுதளம் அமைந்தது. பால் சேகரிப்பதற்காகக் காட்டின் உட்பகுதிகளிலெல்லாம் சுற்றித் திரிந்த சிக்லேரோக்கள் என்னும் தொழிலாளர்கள் அறிந்திருந்த இடிபாடுகளில் பத்தில் ஒன்றையேனும் அக்காலத்துப் பண்டிதர்கள் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. இதனை நன்குணர்ந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் சில்வேனஸ் மோர்லி, கல்வெட்டுள்ள புதிய இடத்தைத் தெரிவிப்போருக்குச் சன்மானம் அளிப்பதாக அறிவித்து, அதன் பயனாகவே 1916-ஆம் ஆண்டில் இவ்விடத்தை வந்தடைந்தார். திரும்பும் வழியில் அரசாங்கச் சிப்பாய்கள் அவருடைய குழுவினரைப் புரட்சிக்காரரென்று கருதிச் சுட்டதில் குழுவின் மருத்துவர் உயிரிழந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வாஷக்தூனில் மோர்லி கண்ட ஒன்பதாம் எண்ணுடைய கற்பலகை கி.பி. 328-ஆம் ஆண்டின் தேதியைத் தாங்கியிருந்தது; அதைவிடப் பழைய தேதியுடைய மாயக் கற்பலகை எதுவும் அக்காலத்தில் அறியப்பட்டிருக்கவில்லை.

ஆயினும் வாஷக்தூனுக்கு விஞ்ஞான உலகில் பெரும்புகழ் தேடித்தந்தது கல்வெட்டு அன்று. கட்டடங்கள் நின்ற நிலையே. 1924-ஆம் ஆண்டில் அங்கு வந்த டென்மார்க்கு நாட்டவரான ஃபிரான்ஸ் பிளோம், கிராமத்தின் கிழக்கே இன்று 'ஈ' தொகுதி எனப்படும் சதுக்கத்தை அளந்து, அதன் மேற்குப் புறத்தில் ஒரு பிரமிடும், அதற்கு நேர் எதிரே கிழக்குப் புறத்தில் வடக்கு தெற்காக நீண்ட மேடையின்மீது ஒரே வரிசையில் மூன்று சிறு கோயில்களும் இருப்பதைக் கண்டார். மேற்குப் பிரமிடின் படிகளில் நின்று கிழக்கே நோக்குபவனுக்கு, சூரியன் தன் வட எல்லையை எட்டும் ஜூன் 21-ஆம் நாளில் வடகோயிலின் ஓரத்திலும், பகலும் இரவும் சமமாகும் விஷுவ நாட்களில் நடுக்கோயிலுக்கு நேர் மேலும், தென் எல்லையை எட்டும் டிசம்பர் 21-ஆம் நாளில் தென்கோயிலின் ஓரத்திலும் உதயமாகும் என்று அவர் கணித்தார். வாஷக்தூன் அமைந்திருக்கும் பதினேழரைப் பாகை வட அட்சத்தில், அயன நாட்களின் சூரியோதயம் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கிலும் தெற்கிலும் நிகழ்வதால், கட்டடங்களின் இடைவெளி அதற்குப் பொருந்தியிருந்தது. வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தார் 1926 முதல் 1937 வரை இங்கே அகழ்ந்தபோது, சிதைந்துபோயிருந்த மேற்குப் பிரமிடின் புறப்போர்வையை நீக்க, உள்ளே கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தையொட்டிக் கட்டப்பட்ட மற்றொரு பிரமிடு, நாற்புறமும் படிக்கட்டுகளும் படிகளின் பக்கங்களில் பிரம்மாண்டமான சுண்ணச்சாந்து முகங்களும் கொண்டு, பின்வந்தவர்களின் கட்டுமானமே கவசமாகிக் காத்தமையால் அழகு குன்றாமல் வெளிப்பட்டது. ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரமே உடைய அந்தக் கட்டடத்தின் உச்சியில் கற்கோயில் ஏதும் இல்லை. மாயப் பிரதேசத்தின் முதல் வானியல் கூடம் இதுவே என்று உலகம் கொண்டாடிற்று.

அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின் நடந்ததுதான் நான் பெரிதும் மதிக்கும் பகுதி. இதே அமைப்பில் மேற்கே பிரமிடும் கிழக்கே நீண்ட மேடையுமாக நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் மாயப் பிரதேசத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை அளந்து பார்த்தால் பெரும்பாலானவை அயன நாட்களையும் விஷுவ நாட்களையும் சுட்டவில்லை. வாஷக்தூனிலேயேகூடக் கட்டடங்கள் காலப்போக்கில் மேன்மேலும் உயர்த்தப்பட்டமையால், நோக்குவோரின் கண்மட்டமும் அவர்கள் கண்ட தொடுவானமும் மாறிப்போயின என்பதை ஆந்தனி அவேனி முதலிய வானியல் தொல்லியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கூடமென்று நம்பியது வெறும் அலங்காரமோ என்னும் ஐயம் எழுந்தது.

ஐயத்தைத் தீர்க்கச் சூரியனின் இயக்கத்தையே சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். தொடுவானத்தில் உதயப் புள்ளி ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக ஊஞ்சலைப் போல் சென்று வருகிறது. நடுவில் விரைவும் கோடிகளில் தயக்கமும் அதன் இயல்பு. விஷுவ நாட்களையொட்டி, அந்த அட்சத்தில், நாளொன்றுக்குச் சூரிய பிம்பத்தின் அகலத்தில் முக்கால் பங்கு தூரம் அது நகர்கிறது. அயன நாளுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள் வரையிலோ, அந்த அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட நகர்வதில்லை. ஆதலால் அயன நாளைப் பருவத்தின் எல்லையாகக் கொள்ளலாமேயன்றி, 'இன்றுதான் அந்த நாள்' என்று வெறுங்கண்ணால் அறுதியிட்டுச் சொல்வது கடினம். நாட்களைப் பிழையின்றி எண்ண விரும்புகிறவன் கோடிகளை விட்டு நடுப்பகுதியிலேயே தன் அடையாளத்தை நிறுத்துவான். மாயர்களோ எண்ணுவதையே வழிபாடாகக் கொண்டவர்கள். பதின்மூன்று எண்களையும் இருபது நாட்பெயர்களையும் பிணைத்து 260 நாட்கள் கொண்டதொரு புனித வட்டத்தை வகுத்தவர்கள். இவான் ஷ்ப்ரைட்ஸ், தக்கேஷி இனோமாட்டா, அவேனி ஆகிய மூவரும் மெக்சிகோ வளைகுடாக் கரையின் தென்பகுதியிலும் மேற்கு மாயச் சமவெளியிலும் உள்ள 415 சடங்குத் தொகுதிகளின் திசைகளை ஆராய்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதற்கு இசைவாகவே அமைந்தது. கட்டடங்கள் சுட்டும் சூரியோதயங்களுக்கு இடைப்பட்ட நாட்கள் பெரும்பாலும் பதின்மூன்றின் அல்லது இருபதின் மடங்குகளாக இருந்தன. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு நாளையும் அதிலிருந்து சரியாக 260 நாட்கள் கழித்து அக்டோபர் இறுதியில் ஒரு நாளையும் சுட்டுபவை அவற்றுள் முதன்மை பெற்றிருந்தன. பெத்தேனிலேயே உள்ள சேபால் என்னும் இடத்தில் இத்தகைய தொகுதியொன்று கி.மு. 950-ஐ ஒட்டிய காலத்திலேயே எழுந்துவிட்டதென்று இனோமாட்டா அகழ்ந்து கண்டிருப்பதையும் சேர்த்து எண்ணினால், மன்னர்களின் பெயர் பொறித்த கற்பலகைகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மக்கள் நாட்கணக்கைத் தங்கள் சதுக்கங்களின் திசைகளில் பதித்துவிட்டார்கள் என்பது தெளிவாகும்.

என் அபிப்பிராயத்தில், சூரியன் எங்கே உதிக்கும் என்பதைக் கண்டறிவதற்காக எவரும் இவ்வளவு கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்திருக்கமாட்டார்கள். அதற்கு இரண்டு கழிகளும் பொறுமையும் போதும். சிலர் மட்டும் எண்ணி அறிந்திருந்ததை, ஊரார் அனைவரும் ஒரு சதுக்கத்தில் கூடிநின்று பிரத்தியட்சமாகக் காணவேண்டும் என்பதற்காகவே இவை எழுப்பப்பட்டிருக்க வேண்டும். சதுக்கத்தின் விஸ்தாரத்தையும், சுண்ணச்சாந்து முகங்கள் தொலைவிலிருந்தே தெரியும்படி அமைந்திருப்பதையும் நோக்கும்போது இவ்வெண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

வாஷக்தூனின் அரசியல் சரித்திரமும் சாமானியமானதன்று. கி.பி. 378-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், சியாஹ் காக் என்னும் தலைவன் இப்பகுதிக்கு வந்த செய்தியை இங்குள்ள ஐந்தாம் கற்பலகையும் திக்காலின் கல்வெட்டுகளும் ஒருங்கே கூறுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தியோத்திவாக்கான் நகரத்தின் செல்வாக்கோடு அவ்வருகையை அறிஞர் பலர் இணைக்கிறார்கள். இங்கே கடைசியாக நாட்டப்பட்ட கற்பலகை கி.பி. 889-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கார்னகி குழுவினர் இங்கு கிடைத்த மட்பாண்ட ஓடுகளைக் கொண்டு வகுத்த மாமோம், சிகானெல், ட்ஸகோல், தெபேவ் என்னும் கால அடுக்குகளே சமவெளி மாயரின் சரித்திரத்துக்கு இன்றுவரை அளவுகோலாக விளங்குகின்றன.

சிக்லே வாணிகம் செயற்கைப் பிசினால் நலிந்த பின்னும் அத்தொழிலாளர்களின் சந்ததியார் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. சுற்றியுள்ள ஏறத்தாழ 83,000 ஹெக்டேர் வனத்தை அரசிடமிருந்து 2000-ஆம் ஆண்டில் பொறுப்பேற்று, பூங்கொத்துகளில் சேர்க்கும் ஷாத்தே என்னும் ஓலையும், மணமிளகும், சிறிதளவு சிக்லேயும், கணக்கிட்டு வெட்டும் மரமுமாக வாழ்க்கை நடத்துகிறார்கள். அவர்களைக் கண்டு பேச விரும்புகிறவர்கள், அயன நாளைக் காணும் ஆவலில் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுக்காமலிருப்பது நலம்; அப்போது மழை தொடங்கிப் பாதை சேறாகிவிடும், கீழ்வானத்தையும் மேகம் பலநாள் மூடிக்கொள்ளும். பிப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும், பாதை உலர்ந்திருக்கும், பெத்தேன் விவசாயிகள் சோளம் விதைப்பதற்காகத் தங்கள் கொல்லைகளைத் திருத்தத் தொடங்கும் பருவமும் ஏறக்குறைய அதுவே.